பங்குச்சந்தை கற்போம்... ஆனால் தனியாக வேண்டாம்!



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "சி.என்.சி. பத்தி எழுதுடா, இல்லேன்னா சோலார் பத்தி எழுது" என்றார்கள். அதையெல்லாம் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வேறு விஷயம். அண்ணன் அனுப்பிய பணத்தில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தை ஆறே வாரத்தில் பங்குச்சந்தையில் தொலைத்தவன் நான். இந்த விஷயத்தில் எனக்குப் போட்டியாளர்கள் நம் ஹாஸ்டலிலேயே பலபேர் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் நான் திறக்கிறேன்.

பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கலில் சேர்ந்தவன் நான். 2025 ஜூலையில் எனக்கு 18 வயது முடிந்தது. முடிந்த வாரமே ஆதார், பான் கார்டு, ஒரு செல்பி... டீமேட் கணக்கு ரெடி! நம்ம ஊர்ல பஸ் பாஸ் வாங்க இதைவிட நாள் ஆகும். 'ஆப்ஷன்' வியாபாரம் செய்ய வருமானச் சான்று கேட்டார்கள். ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் போதுமாம். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் அண்ணன், மெஸ் பில்லுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் என்று போட்டு வைத்த பணம் என் கணக்கில் கிடந்தது. எனக்குச் சோறு போட வந்த பணம் எனக்கே வருமானச் சான்று ஆகிவிட்டது!

ஏன் ஆப்ஷன்? ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி வைத்திருக்கலாமே? அதைத்தான் ஒரு சீனியர் அண்ணாவிடம் கேட்டேன். "தம்பி, ஷேர் வாங்கினா வருஷக்கணக்கா காத்துக் கெடக்கணும். ஆப்ஷன்ல மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிடும்" என்றார். அது உண்மைதான். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட நாள் வரைக்கும், ஒரு குறிப்பிட்ட விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமைக்குப் பெயர் 'கால் ஆப்ஷன்'. விற்கும் உரிமை என்றால் 'புட் ஆப்ஷன்'. அந்த உரிமைக்கு நாம் கொடுக்கும் விலை 'பிரீமியம்'. அந்த நாள் நெருங்க நெருங்க, பிரீமியத்தில் காலத்துக்காகக் கொடுத்த பங்கு வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரையும். நிஃப்டி இருபது புள்ளி ஏறியும் நான் வாங்கிய கால் ஆப்ஷன் விலை இறங்கிய நாள் உண்டு. நிஃப்டியின் வார ஆப்ஷன் முடியும் நாள் 2025 செப்டம்பரில் இருந்து செவ்வாய்க்கிழமை ஆனது. அன்று ஐஸ் கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதல் வியாபாரத்தில் எனக்கு லாபம். அதுதான் கெடுத்தது! அப்போது ஒரு லாட் என்பது 75. நாற்பத்திரண்டு ரூபாய்க்கு வாங்கி அறுபத்தொன்றுக்கு விற்றேன். திரையில் 1,425 ரூபாய் லாபம் என்று பச்சை நிறத்தில் காட்டியது. இருபது நிமிட வேலை. எங்கள் அப்பா விசைத்தறியில் எத்தனை ஷிஃப்ட் நின்றால் இந்தக் காசு வரும் என்று மனசு கணக்குப் போட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ரெண்டு வருஷத்தில் வீடு கட்டிவிட்டேன், கற்பனையில்.

ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் நாலைந்து முறை தொடர்ந்து விட்டிருந்தேன். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று பதினெட்டு ரூபாய் பிரீமியத்தில் நான்கு லாட் வாங்கினேன். 18 x 75 x 4, ஆக 5,400 ரூபாய். மதியம் எங்களுக்கு வொர்க்‌ஷாப். லேத்தில் ஸ்டெப் டர்னிங் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டே முக்கால் மணி இருக்கும். ஓவர்கோட் பாக்கெட்டில் இருந்த செல்போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு ரூபாய்! மறுபடி பார்த்தேன், நான்கு ரூபாய். ஆட்டோ ஃபீட் போட்டுவிட்டு போனைப் பார்த்தவனுக்கு டூல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே இல்லை. இன்ஸ்ட்ரக்டர் ஐயா ஓடி வந்து மெஷினை நிறுத்தியபோது டூல் சக்கின் வாயைத் தொட இரண்டு மில்லிமீட்டர்தான் இருந்தது. தொட்டிருந்தால் டூல் உடைந்து யார் முகத்தில் அடித்திருக்குமோ, என் முகமோ, பக்கத்து மெஷின் நண்பன் முகமோ.

"ஏம்ப்பா, வீட்டில யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றுதான் அவர் கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். மூன்றரை மணிக்கு அந்த 5,400 பூஜ்யம் ஆகியிருந்தது. பணம் போனதைவிட அந்தப் பொய் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

ஆறாவது வாரம் கணக்கில் மிச்சம் 2,650 ரூபாய். அப்போதுதான் தினமும் மின்னஞ்சலில் வந்து குவிந்திருந்த 'கான்ட்ராக்ட் நோட்'டுகளை முதல் முறையாகத் திறந்து பார்த்தேன். ஆப் திரையில் காட்டிய லாபமெல்லாம் செலவு கழிக்காத லாபம்! வாங்க இருபது, விற்க இருபது தரகு. அதற்கு மேல் பங்குப் பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி. ஒரு தடவை வாங்கி விற்றால் ஏறத்தாழ ஐம்பத்தைந்து ரூபாய். முப்பத்தெட்டு வியாபாரத்துக்கு 1,900 ரூபாய்க்கு மேல். நான் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தப் பணம் போயிருக்கும்.

நான் மட்டும்தான் முட்டாளா? இல்லை. செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் 'எஃப் அண்ட் ஓ' எனப்படும் இந்த வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரியாக இரண்டு லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல்! செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். 2023-24இல் இப்படி வியாபாரம் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குக் கீழே. நாலில் மூன்று பேருக்கு மேல் வருட வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. நம்மைப் போன்றவர்கள்தான், நண்பர்களே. பணம் எங்கே போனது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் போயிருக்கிறது. அவர்கள் லாபத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் கம்ப்யூட்டர் நிரல் வைத்து ஈட்டியது. நாம் வொர்க்‌ஷாப்பில் பாக்கெட்டுக்குள் கையை விட்டு விளையாடுகிறோம், எதிரே அப்படிப்பட்ட ஆள்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தியா, ஷேர் மார்க்கெட் என்றாலே சூதாட்டம், அந்தப் பக்கமே போகாதே" என்று சொல்லும் பெரியவர்களோடும் நான் சேர மாட்டேன். நாளைக்கு நாம் வேலைக்குப் போவோம். சம்பளம் வரும், கொஞ்சமாவது மிச்சம் பிடிப்போம். பி.எஃப். பணத்தின் ஒரு பகுதியே சந்தையில்தான் போய்ச் சேர்கிறது. கம்பெனிகளின் ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. அசோக் லேலண்டில் வேலை கிடைக்காதா என்று ஏங்கும் மெக்கானிக்கல் மாணவன், அந்தக் கம்பெனி எத்தனை வண்டி விற்றது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்று படித்தால் என்ன குறைந்துவிடும்? கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எப்படிக் கற்பது என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

லேத்தை நமக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்? முதல் நாளே மெஷினைத் தொட விட்டார்களா? ஃபைலைக் கொடுத்து நாள்கணக்கில் தேய்க்க விட்டார்கள். பக்கத்தில் ஆள் நின்றார். தப்பாகத் தேய்த்தால் எல்லோர் முன்னாலும் திட்டு. பங்கு வியாபாரமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1937இல் தொடங்கிய சென்னைப் பங்குச்சந்தை செகண்ட் லைன் பீச்சில் இருந்தது. கூடத்தில் நின்று கூவித்தான் வியாபாரம். தரகரிடம் வேலைக்குச் சேர்ந்தவன் அவர் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் பழக முடியும். 1994இல் தேசியப் பங்குச்சந்தை கம்ப்யூட்டர் திரையில் வியாபாரத்தைத் தொடங்கியதும் அந்தக் காலம் மலையேறியது. சென்னைச் சந்தையும் 2015இல் மூடிக்கொண்டது. திரை வந்தது நல்லதுதான், கூடத்தில் நடந்த தில்லுமுல்லும் குறைந்தது. ஆனால் இன்று ஒருவன் ஹாஸ்டல் கட்டிலில் போர்வைக்குள் தனியாகக் கற்கிறான். அவன் தோற்றால் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

"வியாபாரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும், அமெரிக்காவிலேயே நிரூபித்திருக்கிறார்கள்" என்று சீனியர்கள் ஒரு கதை சொல்வார்கள். நிஜக் கதைதான். சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற வியாபாரி, 1983இல் பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தார். இரண்டே வாரம் வகுப்பு. அவர்களுக்கு 'ஆமைகள்' என்று பெயர். சிலர் பெரும் பணக்காரர் ஆனார்கள். ஆனால் சீனியர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. டென்னிஸ் அவர்களிடம் ஃபீஸ் வாங்கவில்லை. வியாபாரம் செய்யப் பணமும் அவரே கொடுத்தார். தோற்றால் அவர் பணம்தான் போகும். அவரே 1988இல் பெரும் நஷ்டப்பட்டு ஒதுங்கினார் என்பதையும் யாரும் சொல்வதில்லை. நம்மிடம் 4,999 ரூபாய் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கிறார்களே, அவர்களுக்கும் டென்னிஸுக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம் இந்த டிப்ஸ். "மூன்று நாள் தொடர்ந்து சரியாச் சொன்னார்டா" என்று நம்பாதவர்கள் இருக்கிறீர்களா? இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 640 பேருக்குச் செய்தி அனுப்புகிறேன். 320 பேருக்கு 'நாளை ஏறும்', 320 பேருக்கு 'நாளை இறங்கும்'. எது நடந்தாலும் 320 பேருக்கு நான் சொன்னது சரி. அவர்களில் பாதிப் பேருக்கு 'ஏறும்', பாதிப் பேருக்கு 'இறங்கும்'. அடுத்த நாள் 160. அதற்கடுத்த நாள் 80. அந்த எண்பது பேருக்கு நான் தீர்க்கதரிசி! மீதி 560 பேர் என்ன ஆனார்கள் என்று எண்பது பேருக்கும் தெரியாது. எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும்.

அந்த 'ஒரே அறை'தான் எங்களுக்குக் கை கொடுத்தது. தீபாவளி லீவில் ஊர்ப் பட்டறை ஒன்றில் வேலை செய்து கொஞ்சம் பணத்தோடு அண்ணனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். "காசு போனா போகுது. சொல்றதுக்கு ஆறு வாரம் ஆச்சாடா உனக்கு?" என்றான். திரும்பி வந்து அறை நண்பனிடம் சொன்னேன். அவன் ஈ.இ.இ. அவனும் ஏழாயிரம் விட்டிருந்தான்! நாலு மாதமாக ஒரே அறையில் எதிரெதிர்க் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். பிறகு ஒரு சிவில் மாணவர், ஒரு இறுதியாண்டு அண்ணா, கமர்ஷியல் பிராக்டிஸ் தோழி ஒருவர் என்று ஐந்து பேர் சேர்ந்தோம்.

விதி எளிது. உண்மைப் பணம் கிடையாது. ஆளுக்கு ஒரு நோட்டு. எதை, என்ன விலைக்கு, எதற்காக வாங்குகிறேன், எந்த விலைக்கு வந்தால் நான் தப்பு என்று ஒத்துக்கொள்வேன், எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத வேண்டும். மாலையில் தேசியப் பங்குச்சந்தை இலவசமாக வெளியிடும் 'பாவ்காப்பி'யில் அன்றைய தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு விலைகள் இருக்கும். அதை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஐம்பத்தைந்து ரூபாய் செலவைத் தாளிலும் கழிக்க வேண்டும். சனிக்கிழமை எல்லோரும் கூடும்போது முதலில் நஷ்டத்தைப் படிக்க வேண்டும், லாபம் அப்புறம்தான்.

முதல் மாதமே சி.பி. தோழி என் நோட்டையும் பழைய கான்ட்ராக்ட் நோட்டுகளையும் வாங்கி ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். "ஒவ்வொரு நஷ்டத்துக்கும் அடுத்த வரியைப் பாருங்க. ரெண்டு மடங்கு வாங்கியிருக்கீங்க" என்றார். பதினோரு இடத்தில் அப்படி இருந்தது. முப்பத்தெட்டு வியாபாரமும் செய்தவன் நான், எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வெர்னியரில் ஸீரோ எரர் இருந்தால் அந்த வெர்னியரை வைத்தே அதைக் கண்டுபிடிக்க முடியுமா? பல தரம் அளந்தாலும் அதே தப்பைத்தான் சொல்லும். என் அறை நண்பனின் நோட்டில் வேறு நோய். லாபத்தில் இருப்பதை உடனே விற்பான், நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். 1985லேயே ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

நான்கு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தோம். தாளில்கூட எங்களில் நான்கு பேருக்கு நஷ்டம்! தோழிக்கு மட்டும் லாபம். அவர் எழுதியது மொத்தமே ஆறு வியாபாரம். ஆஹா என்று எல்லோரும் கை தட்டினோம். அவரே, "ஆறு பீஸை அளந்துட்டு மெஷின் நல்லா இருக்குன்னு உங்க சார் ஒத்துக்குவாரா?" என்று கேட்டார். அது திறமையா அதிர்ஷ்டமா என்று அவருக்கும் தெரியாது. ஆனால் குறைவாக வியாபாரம் செய்ததே அவருக்கு உதவியிருக்கலாம். அமெரிக்காவில் பார்பர், ஓடியன் என்ற இருவர் 1991 முதல் 1996 வரை அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கணக்கை ஆராய்ந்தார்கள். அடிக்கடி வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது. சந்தையோ 17.9 சதவீதம் கொடுத்தது.

கூட்டாகக் கற்பதிலும் ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, இறுதியாண்டு அண்ணா தன் மாமா வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். திங்கட்கிழமை ஐந்து பேர் நோட்டிலும் அதே கம்பெனி. மூன்று வாரத்தில் ஐந்து பேருக்கும் அடி, நல்லவேளை தாளில்தான். நஷ்டத்தை மறைக்காமல் பேசும் கூட்டம்கூட ஒரே பக்கம் ஓடும் என்று அன்று புரிந்தது. இப்போது பேசுவதற்கு முன் எழுதிவிட வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் நோட்டைத் திறக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறோம்.

மாணவர் சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகள். சிம்போசியத்தின்போது காசு வாங்கி டிரேடிங் வகுப்பு விற்பவர்களுக்கு ஸ்டால் கொடுக்காதீர்கள். இந்த வருஷம் கொடுத்தீர்கள், முதலாமாண்டுத் தம்பிகள் பலர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு 18 வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பதில் செபியும் என்.ஐ.எஸ்.எம்.மும் நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ் தேர்வு இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. லைப்ரரி கம்ப்யூட்டரில் அதற்குப் படிக்க ஏற்பாடு செய்து கொடுங்கள். இரண்டாவது, லைப்ரரியில் ஒரு வணிக நாளிதழ் வாங்கிப் போடுங்கள். ஒன்று போதும்.

அண்ணனுக்கு இன்னும் ஏழாயிரம் பாக்கி. மே மாத லீவில் மறுபடி பட்டறைக்குப் போகிறேன். அதுவரை சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மெஸ்ஸுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருப்போம். விட்டதைச் சொல்ல விருப்பம் இருப்பவர்கள் வரலாம், டே ஸ்காலர் நண்பர்களும் வரலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று கொண்டுவாருங்கள். பென்சிலில் எழுத விட மாட்டோம், பேனாதான். செல்போனை ரூமில் வைத்துவிட்டு வாருங்கள்.